விக் முடி வறளாமல் இருக்க எதைப் போடுவது: ஸ்ப்ரேயா, சீரமா, எண்ணெயா, மாஸ்க்கா?

புதிதாக வாங்கிய விக் முதல் சில வாரங்கள் விரலுக்குள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்புறம் ஒருநாள் பிடரிப் பக்கம் சீப்பு மாட்டும். இன்னும் கொஞ்ச நாளில் நுனியெல்லாம் துடைப்பக் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் லீவ்-இன் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார் ஒருவர், சீரம் போதும் என்பார் இன்னொருவர். இரண்டு சொட்டு எண்ணெய் வைத்தால் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். பார்லரில் கேட்டால் மாஸ்க் போடலாம் என்பார்கள். நாலு பேர் சொல்வதும் ஏதோ ஒரு விக்குக்குச் சரிதான். உங்கள் விக்குக்கு எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் ஒன்பது வருடமாக ஹேர் பேட்ச் (முடி போன இடத்தில் மட்டும் டேப்பாலோ பசையாலோ ஒட்டும் சிறிய விக்) வைக்கிறேன். இந்த நாலையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒரு பேட்ச் எண்ணெயால் போனது, இன்னொன்று அடிக்கடி மாஸ்க் போட்டதால் போனது. இரண்டுமே வறட்சியால் கெடவில்லை, நான் அள்ளிக் கொடுத்த கவனிப்பால்தான் கெட்டன. விக்கைப் பொறுத்தவரை குறைவாகப் போட்டுக் கெடுப்பதைவிட அதிகமாகப் போட்டுக் கெடுப்பதுதான் சுலபம் என்பது அப்போதுதான் புரிந்தது.

## வறட்சி எங்கிருந்து வருகிறது

தலையில் முளைக்கும் முடிக்கு வேர்ப் பக்கத்துச் சுரப்பிகள் சீபம் என்ற எண்ணெயை ஓயாமல் ஊறவிடுகின்றன. சீவும்போது அது மெல்ல நுனி வரை இறங்கும். விக் முடிக்கு அந்த ஊற்று கிடையாது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் கொஞ்சம் வழவழப்பு போகும், போனது தானாகத் திரும்பாது.

கூடவே, விக்கில் கட்டும் முடியில் பெரும்பகுதி, நிறம் நீக்கி மறுபடி சாயம் ஏற்றியது. ப்ளீச் செய்யும்போது முடியின் மேற்பரப்பில் இயற்கையாக ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் அழிந்துவிடுகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை தண்ணீர் முடிமேல் எளிதில் ஒட்டாது. அது போனபின் முடி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும், அதே வேகத்தில் இழக்கவும் செய்யும்.

முடி தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குத் தகுந்தபடி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது, தன் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் தண்ணீர் அதில் இருக்கும். நீங்கள் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் சற்று நேரத்தில் அது அந்தப் பழைய அளவுக்கே வந்துவிடும். ஆகவே ‘ஈரப்பதம் ஊட்டும்’ என்று பாட்டிலில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் உண்மையில் செய்வது, காணாமல் போன எண்ணெய்ப் படலத்துக்குப் பதிலாக இன்னொரு படலத்தைப் பூசுவது. எந்தப் படலம், எவ்வளவு கனம், எப்படிக் கழுவி எடுப்பது என்பதில்தான் நாலு பாட்டிலும் வேறுபடுகின்றன.

## முதலில் உங்கள் விக் எந்த வகை

இது தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம்.

உள்பக்கம் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரே ஒரு முடியை வெட்டி, பாதுகாப்பாக ஒரு தட்டின் மேல் வைத்து நெருப்பைக் காட்டுங்கள். மனித முடி கருகிய நாற்றம் அடித்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியான மணி மாதிரி நிற்கும்.

மனித முடி என்றால் இன்னொரு சோதனை. ஒரு இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, முதலில் அடியிலிருந்து நுனிக்கு உருவுங்கள், பிறகு நுனியிலிருந்து அடிக்கு. முடியின் மேல்புறம் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக, நுனியை நோக்கிப் படிந்திருக்கும். செதில் அப்படியே இருந்தால் கீழ்நோக்கி உருவும்போது வழுக்கும், மேல்நோக்கி உருவும்போது லேசாகச் சொரசொரக்கும். எல்லா முடியின் செதில்களும் ஒரே திசையில் இருக்கும்படி கட்டியதைத்தான் ‘ரெமி’ என்கிறார்கள். புது விக்கில் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி கண்ணாடியாக வழுக்கினால், அமிலத்தில் ஊறவைத்துச் செதிலைக் கரைத்துவிட்டு மேலே சிலிக்கான் பூசியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பூச்சு சில கழுவலில் போய்விடும். மூன்று மாதத்தில் வைக்கோலாகிவிட்டது என்று வருத்தப்படுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். அவர்கள் கவனிப்பில் குறை எதுவும் இல்லை.

அடுத்தது பேஸ், அதாவது முடியைப் பதித்திருக்கும் அடிப்பாகம். வலைத் துணியாலான லேஸ் பேஸில் ஒவ்வொரு முடியையும் கையால் முடிச்சுப் போட்டிருப்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலமான பாலி பேஸில் முடியை வளைத்துச் செருகி மேலே பூச்சால் மூடியிருப்பார்கள், அல்லது ஊசியால் ஏற்றியிருப்பார்கள். எதுவானாலும் முடியைப் பிடித்து நிறுத்துவது அந்த முடிச்சும் பூச்சும்தான். நுனியை வழவழப்பாக்குகிற அதே பொருள் அடிக்குப் போனால் முடிச்சையும் வழவழப்பாக்கிவிடும். பிறகு முடிச்சு நழுவ, முடி உதிர ஆரம்பிக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, ஒருமுறை போட்டால் மென்மை எவ்வளவு நாள் தங்குகிறது. இரண்டு, முடிச்சுக்கும் பேஸுக்கும் டேப்புக்கும் கெடுதல் உண்டா. மூன்று, பார்வைக்கு இயல்பாக இருக்கிறதா, அதாவது முடி தனித்தனியாக அசைகிறதா, அளவோடு மின்னுகிறதா. நான்கு, படிவு சேருமா, சேர்ந்தால் எதைப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். ஐந்து, நேரமும் உழைப்பும்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விக் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் பலரையும் ஆட்டிப் படைக்கிறது. வறண்ட நுனி மட்டும்தான் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அடிப் பக்கம் மின்னுவதும் அதே அளவு காட்டிக்கொடுக்கும். சொந்த முடியில் ஒளி துண்டு துண்டாக, முடி வளையும் இடங்களில் மட்டும் விழும். பொருள் அதிகமாகிவிட்ட விக்கில் உச்சியில் ஒரே பட்டையாக வெளிச்சம் விழும், முடி கொத்துக் கொத்தாகப் பிரிந்து நிற்கும், நடுவில் பேஸ் தெரியும். குளியலறை விளக்கில் இது தெரியாது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் நின்று, தலையைச் சற்றுச் சாய்த்துக் கைக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஹேர் பேட்ச் வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. பக்கவாட்டில் சொந்த முடி இருக்கும், மேலே பேட்ச் இருக்கும். குளித்து மூன்றாம் நாள் சொந்த முடி சீபத்தில் நனைந்து படிந்துவிடும், பேட்ச் காய்ந்து உப்பி நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் கோடு போட்டது மாதிரி வித்தியாசம் தெரியும். பேட்சுக்கு எதைப் போட்டாலும், பக்கத்து முடியோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கடைசித் தீர்ப்பு.

## அடித்தளம்: கழுவியதும் போடும் கண்டிஷனர்

இது போட்டியில் இல்லை. மனித முடி விக் எதுவானாலும் ஒவ்வொரு ஷாம்பூவுக்குப் பிறகும் இது கட்டாயம்.

தேய்ந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை அதிகம். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின் தன்மை உடையவை. ஆகவே முடியில் எங்கெங்கே சேதம் அதிகமோ அங்கே தாமாகவே அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. அலசிய பிறகும் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். சீடைல் ஆல்கஹால், சீட்டரில் ஆல்கஹால் என்று பெயர்ப் பட்டியலில் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை கொழுப்பு வகை, வறட்டாது. டேப் பசையைத் துடைக்கப் பயன்படும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்தான் வறட்டும். அது முடியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டு, அங்கிருந்து நுனி வரை தடவி, மூன்று நான்கு நிமிடம் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போதும். விக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அலசாதீர்கள், கண்டிஷனர் அப்படியே முடிச்சுக்கு ஓடும்.

இதன் மேல் இன்னும் எது வேண்டும் என்பதற்குத்தான் கீழே உள்ள நாலும்.

## தண்ணீர் அடிப்படை லீவ்-இன் ஸ்ப்ரே

பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாட்டிலில் முக்கால்வாசித் தண்ணீர், மீதி கொஞ்சம் கண்டிஷனர் பொருள், ஈரம் பிடிக்கும் கிளிசரின் அல்லது பாந்தெனால். கனம் இல்லை. ஒட்டியபடியே தலையில் வைத்துக்கொண்டும் அடிக்கலாம். படிவு மிகக் குறைவு, அடுத்த ஷாம்பூவில் போய்விடும். முடி தனித்தனியாக அசையும்.

குறை என்னவென்றால் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். தினமும் காலையில் ஒரு நிமிடம் இதற்கென்று ஒதுக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது கிளிசரின். காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் அது இன்னும் ஈரத்தை இழுத்து முடியைப் பிசுபிசுக்க வைக்கும். மிக வறண்ட காற்றிலும், குளிரூட்டிய அறையிலேயே நாள் முழுக்க இருப்பவர்களுக்கும் எதிர்பார்த்த பலன் தராது. பொருட்பட்டியலில் முதல் மூன்று நான்கு இடத்துக்குள் கிளிசரின் இருந்தால் வேறு ஸ்ப்ரே பாருங்கள். இரண்டாவது, அடித்த ஈரத்தோடு சீவுவது. நனைந்த முடி உலர்ந்த முடியைவிட அதிகம் நீளும், சுலபமாக அறும். அடித்துவிட்டு விரலால் கோதி, ஓரளவு காய்ந்த பிறகு பற்கள் அகன்ற சீப்பை எடுங்கள். மூன்றாவது சூடு. ஈரம் இருக்கும்போதே அயர்ன் வைத்தால் முடிக்குள் தண்ணீர் சட்டென்று ஆவியாகிக் குமிழியாகப் பொங்கும், அந்த இடத்தில் முடி முறியும். விக்கில் முறிந்தது மறுபடி வளராது.

வீட்டில் வெறும் கண்டிஷனரைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து அடிப்பவர்கள் உண்டு. உப்புத் தண்ணீர் என்றால் அதிலுள்ள கால்சியம் முடியில் படிந்து மொரமொரப்பாக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைப்பதே நல்லது, அதையும் சில நாளில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

## சிலிக்கான் சீரம்

பலன் உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் சீரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. உள்ளங்கையில் ஒரு துளி, இரண்டு கையிலும் தேய்த்து, நுனியில் மட்டும் தொட்டால் விறைத்திருந்த முடி அந்தக் கணமே படிந்துவிடும். நீண்ட முடியில் சிக்கு விழுவதைத் தடுப்பதிலும் இதுதான் முதல். சிக்கு என்பது பெரும்பாலும் உராய்வால் வருவது, சிலிக்கான் உராய்வைத்தான் குறைக்கிறது. கழுவும்வரை பலன் தங்கும்.

ஆனால் எல்லா சிலிக்கானும் ஒன்றல்ல. சைக்ளோபென்டாசிலாக்ஸேன் பூசிய பிறகு ஆவியாகிவிடும், மற்றதைப் பரப்ப மட்டும் உதவும். அமோடைமெதிகோன் சேதமான இடமாகப் பார்த்து ஒட்டும். டைமெதிகோன் தண்ணீரில் கரையாது, மென்மையான ஷாம்பூவில் முழுதாகப் போகாது. நாலைந்து கழுவலுக்குப் பிறகு படிவு ஏறி, முடி கனத்து, நூல் நூலாகத் தொங்கும். அதைக் கழற்ற வீரியமான ஷாம்பூ வேண்டும், வீரியமான ஷாம்பூ மறுபடி வறட்டும், மறுபடி சீரம். இந்த வட்டம்தான் சீரத்தின் உண்மையான விலை. மாதம் ஒருமுறை வீரியமான ஷாம்பூ, அதன் பின்னாலேயே தாராளமாகக் கண்டிஷனர் என்று வைத்துக்கொண்டால் வட்டத்துக்குள் சிக்காமல் இருக்கலாம்.

தோற்றத்தில் கவனம் வேண்டும். தோளுக்குக் கீழ் தொங்கும் முடியில் ஒரு துளி சீரம் அழகாக இருக்கும். மூன்று அங்குல முடியுள்ள பேட்சில் நுனி என்று எதைச் சொல்வது? அடிக்கும் நுனிக்கும் இடைவெளியே இல்லை. குட்டை முடிக்குச் சீரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

செதில் கரைத்த முடியில், பூச்சு போன பிறகு, சீரம் தவிர வேறு எதுவும் பெரிதாக எடுபடாது. தொழிற்சாலையில் பூசியதைத்தான் நாம் வீட்டில் மறுபடி பூசுகிறோம்.

## எண்ணெய்

“சொந்த முடிக்கு ஒத்துக்கொள்கிறதே, விக்குக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் நுழைய முடிகிறது. கழுவுவதற்கு முன்னால் நுனியில் தடவி ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் விக்கின் மனித முடிக்கும் அந்தப் பலன் உண்டு. ஆர்கன் எண்ணெய், ஜோஜோபா போன்றவை பெரும்பாலும் மேலே படலமாக நின்று மென்மை தருபவை.

பிரச்சினை முடியில் இல்லை, பேஸில். எண்ணெய் இறங்கும். தலையின் சூட்டில் இன்னும் வேகமாக இறங்கும். டேப்பும் பசையும் எண்ணெய் பட்டால் இளகிவிடும். டேப்பைக் கழற்ற விற்கும் திரவங்களில் பலவும் சிட்ரஸ் எண்ணெய் கலந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். கழற்றப் பயன்படுவதை ஒட்டியிருக்கும்போதே நாம் தடவுகிறோம்.

என் முதல் லேஸ் பேட்சுக்கு வாரம் இரண்டு முறை எண்ணெய் வைத்தேன். பத்து நாள் அருமையாக இருந்தது. அப்புறம் நெற்றியோரம் டேப் ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டது. அதை மறுபடி அழுத்தி ஒட்டிக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினேன். ஒருநாள் சீப்பைத் தலைப்பக்கமிருந்து இழுத்தபோது முன்னால் இருந்த முடி ஏழெட்டு சேர்ந்து, வலியே இல்லாமல், வேரோடு வந்தது மாதிரி கையோடு வந்தது. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் முனையிலும் வளைந்த கொக்கி. முடிச்சு அறவில்லை, அவிழ்ந்திருந்தது. நெற்றியோரம்தான் பேட்சுக்கு உயிர். அங்கே முடி போனால் மீதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைக்க முடியாது.

ஆகவே எண்ணெய் வைக்கலாம், ஆனால் தலையில் இருக்கும்போது வேண்டாம். கழற்றும் விக், நீண்ட முடி, கழுவுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம், கடைசி நாலு அங்குலம் மட்டும். பிறகு முழுதாகக் கழுவிவிட வேண்டும். எண்ணெயோடு பெட்டியில் எடுத்து வைத்தால் தூசி அப்பும், நாளாக எண்ணெய்ச் சிக்கு வாடை வரும்.

## ஆழ்ந்து ஊறவைக்கும் மாஸ்க்

வெயில், குளோரின் தண்ணீர், மறுபடி சாயம் ஏற்றியது என்று ஏதாவது பெரிய அடி வாங்கிய முடிக்கு மாஸ்க் நல்லது. கெட்டியான கண்டிஷனர்தான், அதிக நேரம் வைக்கிறோம். பலன் இரண்டு மூன்று வாரம் வரை உணர முடியும். படிவும் சீரம் அளவுக்கு இல்லை.

ஆனால் நேரம் கூடக்கூடப் பலனும் கூடும் என்று நினைத்து இரவு முழுக்க ஊறவைப்பது தவறு. ஒட்டவேண்டியது முதல் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே ஒட்டிவிடும். அதற்கு மேல் முடி தண்ணீரில் உப்பிக்கொண்டே இருக்கும், முடிச்சும் ஊறித் தளரும். நான் வாரா வாரம் பிளாஸ்டிக் தொப்பி போட்டு மணிக்கணக்கில் வைத்த பேட்ச் தொட்டால் பஞ்சாக இருந்தது, சீவினால் ரப்பராக நீண்டது. அந்த நிலைக்குப் போனால் மாஸ்க்கை நிறுத்த வேண்டும். புரதம் கலந்த மாஸ்க்கில் இதற்கு நேர்மாறு. அடிக்கடி போட்டால் முடி விறைத்து முறியும். எது கையில் இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்து (‘ஹைட்ரலைஸ்டு கெரட்டின்’ என்று இருந்தால் புரத வகை) மாதம் ஒருமுறைக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது.

நேரச் செலவு அதிகம். ஒட்டியபடியே வைப்பவர்கள் சர்வீஸுக்குக் கழற்றும் நாளில்தான் மாஸ்க் போட முடியும்.

## ஒரே பார்வையில்

| | ஸ்ப்ரே | சீரம் | எண்ணெய் | மாஸ்க் |
|---|---|---|---|---|
| பலன் தங்குவது | 1 முதல் 2 நாள் | அடுத்த கழுவல் வரை | அடுத்த சில கழுவல் வரை | 2 முதல் 3 வாரம் |
| முடிச்சு, பேஸ் | தொந்தரவு குறைவு | நுனியோடு நின்றால் சரி | ஆபத்து அதிகம் | நேரம் மீறினால் தளரும் |
| டேப், பசை | ஓரத்தில் படாமல் அடித்தால் சரி | ஓரம் பட்டால் ஒட்டாது | இளக்கிவிடும் | கழற்றிவிட்டுத்தான் |
| தோற்றம் | மிக இயல்பு | நீள முடியில் அழகு, குட்டையில் மினுமினுப்பு | கழுவி எடுக்காவிட்டால் படிந்துவிடும் | இயல்பு |
| படிவு | மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| மறைமுகச் செலவு | தினமும் நேரம் | மாதாந்திர வீரிய ஷாம்பூ | கூடுதல் கழுவல், முடி உதிர்வு | கழற்றி மறுபடி ஒட்ட அரைநாள், ஊறித் தளரும் முடிச்சு |

## யாருக்கு எது

வாரக்கணக்கில் ஒட்டியபடி வைக்கும் குட்டை முடி பேட்ச் என்றால் ஸ்ப்ரே மட்டும் போதும். உள்ளங்கையில் இரண்டு முறை அடித்துக்கொண்டு கையால் கோதுங்கள், நேராகத் தலையில் அடித்தால் நெற்றியோரம் நனையும். மூன்றாம் நாள் பக்கத்து முடி பிசுக்கானால் அதை மட்டும் ஷாம்பூ போட்டு அலசுங்கள், பேட்சை இழுத்துப் போட்டுக் கழுவ வேண்டாம்.

தோளைத் தாண்டும் நேர் முடி விக்குக்கு ஸ்ப்ரேயும் சீரமும் சேர்த்து. முதலில் ஸ்ப்ரே, அது காய்ந்ததும் கடைசி நாலு அங்குலத்துக்கு ஒரு துளி சீரம். பிடரி முடி சட்டைக் காலரில் உரசி உரசித்தான் முதலில் கெடும், அங்கே மட்டும் இன்னொரு தொடுதல். இரவில் கழற்றாதவர்கள் தளரப் பின்னி, சாட்டின் துணியில் படுத்தாலே பாதிச் சிக்கு விழாது.

சுருள் முடி எப்போதும் கூடுதல் ஈரம் கேட்கும். ஸ்ப்ரேயோடு லேசான லீவ்-இன் க்ரீம் சேர்க்கலாம், மாதம் ஒரு மாஸ்க்கும் தாங்கும். காய்ந்த நிலையில் சீவவே வேண்டாம், ஸ்ப்ரேயில் நனைத்து விரலால் பிரித்தால் சுருள் கலையாது.

எப்போதாவது விசேஷத்துக்கு மட்டும் எடுத்து வைப்பவர்களுக்கு இந்த நாலில் எதுவும் தேவையில்லை. கழுவி, கண்டிஷனர் போட்டு, ஸ்டாண்டில் காயவைத்து, வெயில் படாத இடத்தில் மூடி வைத்தால் சரி. வெயில் நிறத்தையும் வெளுக்கும். கறுப்புச் சாயம் ஏற்றிய முடி செம்பட்டையாவது பெரும்பாலும் இதனால்தான்.

கீமோதெரபி நேரத்தில் விக் வைப்பவர்களுக்கு வேறு கணக்கு. தோல் எரியும், வாசனை பிடிக்காது, கையில் சத்து இருக்காது. தினமும் பராமரிக்க வேண்டிய மனித முடியைவிட, கழுவி உதறினால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும் செயற்கை இழை விக் அந்த மாதங்களுக்கு மிகவும் ஆறுதல். வாசனை சேர்க்காத பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

செயற்கை இழைக்கு மேலே சொன்ன நாலும் பொருந்தாது. அது பிளாஸ்டிக். உள்ளே எதுவும் போகாது, எண்ணெய் போட்டால் மேலேயே நின்று தூசி பிடிக்கும். செயற்கை விக்குக்கென்று விற்கும் ஸ்ப்ரே, உராய்வையும் நிலைமின்சாரத்தையும் குறைக்கும், அவ்வளவுதான் வேண்டும். அதன் நுனி சுருண்டு கரடுமுரடாவது வறட்சியால் அல்ல, உராய்வாலும் சூட்டாலும். அடுப்பைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஒரு வீச்சு போதும், முன்பக்க இழை பொசுங்கிவிடும். மினுமினுப்பு அதிகமாக இருந்தால் கொஞ்சம் ட்ரை ஷாம்பூ தூவி உதறினால் அடங்கும்.

இதற்கு மேலும் இரண்டுக்கு நடுவில் தயக்கம் இருந்தால், பிடரியில் உள்பக்கமாக இரண்டு கொத்து முடியைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கு ஒரு பொருளும் மற்றதுக்கு இன்னொன்றும் மட்டும் இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒருமுறை கழுவியிருக்க வேண்டும். பதினைந்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் விரலால் உருவிப் பார்த்து, அப்புறம் ஜன்னலோரம் போய்க் கண்ணைத் திறந்து பாருங்கள். கைக்கும் கண்ணுக்கும் ஒரே கொத்து பிடித்திருந்தால் அதையே வாங்குங்கள். கைக்கு ஒன்றும் கண்ணுக்கு இன்னொன்றும் பிடித்திருந்தால் கண்ணுக்குப் பிடித்ததை எடுங்கள். உங்கள் விக்கை மற்றவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள், தொடப் போவதில்லை.